காற்றுத்துளையில் வைத்த பொட்டு

திருவண்ணாமலை
18 ஜூன் 2025, புதன்

அன்புள்ள மதிக்கு,

அபிநயா எழுதுவது. உறையின் பின்பக்கம் என் பெயரைப் போடவில்லை. யார் கையில் சிக்குமோ என்ற பயம்தான். இதைக் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் நீ வந்திருந்தால் எனக்கு அதுவே போதும்.

உன் போளூர் முகவரியைத் தனம் வாங்கிக் கொடுத்தாள். போனில் பேச வழியில்லை. உங்கள் வீட்டு நம்பரை அப்பா தடுத்து வைத்திருக்கிறார். நான் போனைத் தொட்டாலே அம்மா, "யாருக்கு?" என்று கேட்கிறார். அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு பூஜை அலமாரியின் சின்ன விளக்கில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

பிளஸ் ஒன் ஆரம்பித்துவிட்டது. எங்களுக்கு அதே வகுப்பறைதான். நம் பெஞ்சில் நான் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்த இடத்தில் என் பையை வைத்துக்கொள்கிறேன். கடைசி பெஞ்சில் ஒருத்தி என்னிடம் ஸ்கேல் வாங்கினாள். பக்கத்தில் இருந்தவள், "ஏய், அவகிட்ட வாங்காதடி, அவ கை பட்டா பத்திக்கும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். தனம் மட்டும் சிரிக்கவில்லை.

மதி, போன ஆவணியில் உங்கம்மா எங்கள் கடைக்கு பேட்டரி ஸ்கூட்டர் எடுக்க வந்த நாளைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். நீ மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாய். அப்பா வழக்கம்போல எலுமிச்சம்பழம், கற்பூரம், சந்தனக் கிண்ணம் எல்லாம் எடுத்து வைத்தார். கைராசிக்காரி என்று என்னைத்தானே எல்லா வண்டிக்கும் பொட்டு வைக்கச் சொல்வார். முன்பக்கம் வைத்தேன். கைப்பிடியில் வைத்தேன். அப்புறம் அப்பா சீட்டைத் தூக்கி, "பைக்குன்னா என்ஜினுக்கு ஒண்ணு வெப்போம். இதுக்கு பேட்டரிதான் உயிரு. அங்க வை பாப்பா" என்றார். பேட்டரி மூடியில் வட்டமாக ஒரு குழி இருந்தது. பொட்டுக்கென்றே செய்து வைத்தது போல இருந்தது. உங்கம்மா என் விரலைப் பிடித்து, "நல்லா அழுத்தி வெம்மா, நாளெல்லாம் நிக்கணும்" என்றார்கள். நீ பக்கத்தில் நின்று போனில் படம் எடுத்தாய்.

அது பேட்டரி மூச்சு விடும் துளை என்று எனக்குத் தெரியாது, மதி. மாசியில் சார்ஜில் நின்ற வண்டி எரிந்து உங்கள் வீடும் போன பிறகுதான் வண்டியோடு வரும் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். துளையை மூடக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. இங்கிலீஷிலும் இந்தியிலும் இருக்கிறது. தமிழில் அந்தப் புத்தகமே இல்லை.

நுகர்வோர் ஆணையத்திலிருந்து எங்கள் கடைக்குத் தபால் வந்திருக்கிறது. கம்பெனி முதல் எதிர்தரப்பு, அப்பா இரண்டாம் எதிர்தரப்பு. உங்கம்மா பெயரை அதில் பார்த்தேன். நீங்கள் வழக்குப் போட்டது தப்பு என்று சொல்ல இதை எழுதவில்லை.

எங்கள் வீடு கடைக்கு மேலே என்பது உனக்குத் தெரியும். இரவில் கீழே வண்டிகள் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். அந்தப் பச்சை விளக்குகள் மாடிப்படியில் இருந்து பார்த்தால் தெரியும். எனக்குத் தூக்கம் வருவதில்லை. மெதுவாக இறங்கிப் போய் எல்லா ப்ளக்கையும் பிடுங்கிவிட்டு வந்து படுக்கிறேன். காலையில் அப்பா, "எவன்டா சுவிட்ச அணைச்சது" என்று கத்துவார்.

உங்கம்மா கை எப்படி இருக்கிறது? உண்மையை எழுது. பதில் போடுவதானால் தனம் வீட்டுக்குப் போடு. கணக்குப் புத்தகத்தில் வைத்துக் கொண்டுவருவாள்.

உன்
அபி

*

போளூர்
1 ஜூலை 2025, செவ்வாய்

அபிக்கு,

மதி எழுதுவது. உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. ஒரு வாரம் பையிலேயே வைத்திருந்தேன்.

முதலில் ஒரு சண்டையைப் போட்டுவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீ ஒரு தடவையாவது வருவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடையிலிருந்து அங்கே நடந்தே வரலாம். சரி, விடு. எழுதினாயே.

அம்மாவின் இடது கை ஆறிவிட்டது. வலது கையில் விரல்கள் மடங்கியபடியே ஒட்டிக்கொண்டன. தோல் பளபளவென்று வேறு யாருடையதோ போல இருக்கிறது. ஆசிரமம் பக்கத்து விடுதிகளில் அம்மா மடித்து வைக்கும் விரிப்பைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் போட்டோ எடுப்பார்கள் என்று உன்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது தன் புடவையை மடிக்கவே என்னைக் கூப்பிடுகிறார். அந்த வேலைக்குப் போய் வரத்தான் அடி அண்ணாமலையில் இருந்து பஸ் பார்க்காமல் வண்டி வாங்கினார். வண்டியும் போய், வேலையும் போய்விட்டது.

இங்கே மாமா வீட்டில் இருக்கிறோம். அப்பா செங்கல் சூளைக்குப் போகிறார். மாமா கெட்டவர் இல்லை, ஆனால் வாய் நிற்காது. போன வாரம் கம்பெனியின் பதில் வந்தது. தெறித்து வேலியோரம் கிடந்த பேட்டரி மூடியை எடுத்துப் பார்த்தார்களாம். துளையில் சந்தனம் காய்ந்திருந்ததாம். வாங்கியவர்கள் வீட்டில் பூஜை செய்தபோது துளையை அடைத்துவிட்டார்கள், தவறாகப் பயன்படுத்தியதால் வாரண்டியும் செல்லாது, நஷ்ட ஈடும் கிடையாது என்று எழுதியிருக்கிறார்கள். அதை மாமா சத்தமாகப் படித்துவிட்டு, "ஊர்ல எல்லாரும் சாமி கும்புட்டா நல்லது நடக்கும். எங்க அக்கா கும்புட்டா வீடு எரியும்" என்றார். அத்தை சிரித்தார்கள். அன்றிலிருந்து அம்மா இங்கே விளக்கு ஏற்றுவதில்லை.

வண்டி எடுத்த அன்று அம்மா கோவில் வாசலில் முன்பக்கத்துக்கு மட்டும்தான் குங்குமம் வைத்தார். எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். ஆனால் அம்மாவே இப்போது, "நான்தான் வெச்சிட்டேனோ என்னமோடி" என்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உங்கப்பாவின் பதிலும் வந்தது. கடையில் பேட்டரிக்குப் பொட்டு வைக்கும் வழக்கமே கிடையாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது உனக்குத் தெரியுமா?

நான் எடுத்த படம் போனோடு எரிந்துவிட்டது. அதுவும் வண்டிக்குப் பக்கத்தில்தான் சார்ஜில் இருந்தது. நீ பேட்டரிக்குப் பொட்டு வைப்பதைக் கம்பெனி ஆள் வீடியோ எடுத்து அவர்கள் இணையப் பக்கத்தில் போட்டார்களே, நாம் கூட எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தினமும் பார்ப்போமே, அதையும் நீக்கிவிட்டார்கள். கிரிவலப் பாதையில் இருந்த பேனர்களையும் காணோமாம். இப்போது பார்த்தது நானும் நீயும்தான். நான் எங்கம்மா பெண். என் பேச்சு எடுபடாது.

நீ வந்து சொல்வாயா, அபி?

மதி

*

திருவண்ணாமலை
13 ஜூலை 2025, ஞாயிறு

அன்புள்ள மதிக்கு,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் குழாயடிக்குப் பின்னால் நின்று படித்தேன். ஆஸ்பத்திரிக்கு நான் வந்தேன், மதி. இரண்டாவது நாள் வந்தேன். வராந்தாவில் உங்கப்பா தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அதை வந்ததாகச் சொல்ல முடியாது என்று எனக்கே தெரியும்.

அப்பா கையெழுத்துப் போட்டது எனக்குத் தெரியும். போட்ட அன்று நான் மாடிப்படியில் இருந்தேன். கம்பெனியின் ஏரியா மேனேஜர் விமல்ராஜ் வந்திருந்தார். உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு வீடியோ எடுக்கும்போது, "சிரி பாப்பா, இன்னும் கொஞ்சம் சிரி" என்று சாக்லேட் கொடுத்தவர்.

"அண்ணே, நீங்க வெச்சீங்கன்னா பொருள்ல கைவெச்சது விக்கிறவரு. மொத்தமும் உங்க தலைல வரும். அவங்க வெச்சாங்கன்னா யாரு தலைலயும் வராது. அவ்ளோதான் விஷயம்" என்றார்.

அப்பா, "பொட்டு வெக்கச் சொல்லி சந்தன பாக்கெட் குடுத்து அனுப்புனதே நீங்கதானே சார்" என்றார்.

"அதுக்கு பில்லு இருக்கா?"

அப்பா பில் கட்டைப் புரட்டிவிட்டு மூடி வைத்தார்.

"ஒரு பொட்டுக்காக ஏஜென்சிய உட்டுடாதீங்க. அப்புறம் ஊர்ல எங்கெங்க நம்ம பேனர் கீதோ எல்லாத்தையும் இறக்கிடுங்க. புது பேனர் வரும்."

நீ பார்த்த அதே படம்தான் மதி. "தீ அண்டாத பேட்டரி, மூன்று வருட வாரண்டி" என்று கொட்டை எழுத்தில் போட்டு, நான் குழியில் விரலை வைத்துக்கொண்டு சிரிப்பேனே, அது. கிரிவலப் பாதை முழுக்கக் கட்டியிருந்தோம். அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு போய் இரண்டு நாள் சுற்றி எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வந்தார். கடைக்குப் பின்னால் உட்கார்ந்து துண்டு துண்டாக வெட்டினார். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். என் முகத்தின் மேல் கத்தி வரும்போது மட்டும், "கண்ண மூடிக்க பாப்பா" என்றார்.

அப்பாவைக் கெட்டவர் என்று நினைக்காதே என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் உங்கம்மா கையை நினைத்தால் அதை எழுத எனக்கு உரிமை இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அவர் இப்போது சாப்பாட்டில் பாதியை வைத்துவிடுகிறார். முந்தாநாள் இரவு ப்ளக்கைப் பிடுங்கலாம் என்று கீழே இறங்கினேன். எல்லாம் ஏற்கெனவே பிடுங்கியிருந்தது. அப்பா இருட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "போய்ப் படு" என்றார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை.

அவரிடம் கேட்டே விட்டேன், மதி. நேற்றுக் காலை. "அப்பா, மதி வீட்டு வண்டிக்கு நான்தானே வெச்சேன்" என்றேன்.

"நீ எதுக்கும் வெக்கல. மறந்துடு."

"எல்லா வண்டிக்கும் வெச்சேனே."

"பாப்பா, ஊரே உன்னக் கைராசின்னு சொல்லிச்சி. நாளைக்கி உன்ன என்னான்னு சொல்லும்? யோசிச்சியா?" என்றார். அவர் கடையை மட்டும் காப்பாற்றப் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன். என்னையும் சேர்த்துத்தான் மறைக்கிறார் போல.

நீ கேட்டதற்குப் பதில் எழுத வேண்டும். வரமாட்டேன் என்று எழுதப் பேனாவை எடுத்தால் உங்கம்மா விளக்கு ஏற்றாமல் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. வருவேன் என்று எழுதப் போனால் ஸ்டூலில் அப்பா தெரிகிறார். அங்கே போய் நின்று, அப்பாவைப் பார்த்துக்கொண்டே, இவர் சொல்வது பொய் என்று எப்படிச் சொல்வேன்? எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. உன்னிடமும் சொல்லக் கூடாதுதான்.

அபி

*

போளூர்
2 ஆகஸ்ட் 2025, சனி

அபி,

உன் பயம் எனக்குப் புரிகிறது. எனக்கும் அப்பா இருக்கிறார்.

ஆனால் உன் வீட்டில் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் படுத்தால் விடிந்துவிடுகிறது. இங்கே விடிந்ததும் முதல் வேலையாக அம்மா விரல்களை நான் ஒவ்வொன்றாக இழுத்து நீவிவிட வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் மடங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். அம்மா வலியில் கத்தமாட்டார். துணியைக் கடித்துக்கொள்வார். தினமும் அதை முடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறேன்.

எங்கள் வக்கீல் அருணாதேவி மேடம் சொன்னதை எழுதுகிறேன். பொட்டை யார் வைத்தார்கள் என்பதோடு இது முடியவில்லையாம். இந்த ஊரில் வண்டி வாங்கினால் பொட்டு வைப்பார்கள் என்று கம்பெனிக்குத் தெரியாதா, தெரிந்தும் அந்த இடத்தில் வைக்காதே என்று புரிகிற பாஷையில் ஏன் எழுதவில்லை என்று கேட்கலாமாம். அதிலும் அவர்களே விளம்பரத்தில் அங்கே பொட்டு வைத்துக் காட்டியிருந்தால், தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று வாயே திறக்க முடியாதாம். "ஒரே ஒரு படம் கெடச்சாக்கூட போதும்மா" என்றார்.

மேடம் உன்னைச் சாட்சிக்குக் கூப்பிடலாமா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம், அவள் சின்னப் பெண் என்று சொல்லிவிட்டேன். உனக்கும் எனக்கும் ஒரே வயசு என்று மேடத்துக்குத் தெரியாதா? ஆனாலும் அப்படியே எழுதி வைத்துக்கொண்டார்.

நான் உன்னைத் திரும்பக் கேட்கமாட்டேன்.

மதி

*

திருவண்ணாமலை
10 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

அன்புள்ள மதிக்கு,

நேற்று முன்தினம் பௌர்ணமி. அம்மா வேண்டிக்கொண்டிருந்தார் என்று என்னையும் கிரிவலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அடி அண்ணாமலையில் உங்கள் தெருவைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன். அடுத்த வளைவில் அம்மாவுக்குக் கால் வலித்ததால் இளநீர்க் கடையில் உட்கார்ந்தோம். உனக்குத் தெரிந்த கடைதான். காசியம்மாள் கடை. நாம் பள்ளிக்கூடம் விட்டுப் போகும்போது வழுக்கையை வழித்துத் தருவார்களே, அவர்கள்தான்.

குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். மதி, கூரையாகக் கட்டியிருந்தது அந்த பேனர்.

காற்றில் எங்கேயோ அறுந்து விழுந்ததை எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். வெயிலில் சாயம் போகக் கூடாது என்று படம் உள்பக்கம் இருக்கிறது. அதுவும் தலைகீழாக. என் முகம் கீழே, கால் மேலே. விரல் குழியில் இருக்கிறது. அழுத்தி வைத்திருக்கிறேன். கம்பெனி பெயர், கடை பெயர், "தீ அண்டாத பேட்டரி" எல்லாம் அப்படியே இருக்கிறது. அடியில் யாருக்கும் தெரியாமல் இருந்த பொடி எழுத்து இப்போது எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. நிபந்தனைகளுக்கு உட்பட்டதாம்.

காசியம்மாள் என்னையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். "அட, நீதானா அது. தலகீழா தொங்கினாலும் சிரிச்சிக்கினே கீறியேம்மா. போன மழையில என்னக் காப்பாத்துனது உன் மூஞ்சிதான்" என்றார். அம்மா சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இளநீர் பாதி அப்படியே இருந்தது.

வழியெல்லாம் அம்மா என் கையை விடவே இல்லை. வீட்டுக்குக் கிட்டே வந்ததும், "உங்கப்பா கண்ணுல படாம வுட்டுப் போச்சி போல. நீ ஒண்ணும் சொல்லிக்காத" என்றார். அம்மா யாரிடம் சொல்ல வேண்டாம் என்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவிடமா? உன்னிடமா?

நேற்று முழுக்க யோசித்தேன். அப்பாவிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் அது இறங்கிவிடும். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அடுத்த மழையில் கிழிந்து போகும். நான் எதுவுமே செய்யாமல் இருந்தால் போதும், எல்லாம் தானாக முடிந்துவிடும். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

நான் ஆணையத்துக்கு வந்து அப்பாவுக்கு எதிரில் நிற்கமாட்டேன், மதி. என்னால் முடியாது. ஆனால் அந்தக் கூரை இருக்கும் இடத்தை எழுதிவிட்டேன். இதை எழுதுவதும் எதிரில் போய் நிற்பதும் ஒன்றுதான் என்று தெரிந்தே எழுதுகிறேன். மேடத்தைச் சீக்கிரம் போகச் சொல். போகும்போது காசியம்மாளுக்கு ஒரு நல்ல தார்ப்பாய் வாங்கிக்கொண்டு போகச் சொல். அவர்கள் கடை நனையக் கூடாது.

உங்கம்மாவிடம் அவர் வைக்கவில்லை என்று சொல். நான் வைத்தேன் என்று நான் சொன்னதாகவே சொல்.

அபி

*

போளூர்
30 ஆகஸ்ட் 2025, சனி

அன்புள்ள அபி,

மேடம் போய் அந்த பேனரை வாங்கிவிட்டார். காசியம்மாளுக்கு நீலத் தார்ப்பாய். கட்டிக் கொடுத்துவிட்டு, எங்கே, எப்படிக் கிடைத்தது என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டாராம். உன் பெயர் எங்கேயும் வராது என்று மேடம் சொன்னார். ஆனால் உன் முகம் வருமே என்றேன்.

மாமாவிடம் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வரும்போது அம்மாவுக்கு ஜிலேபி வாங்கிவந்தார். மன்னிப்பு எல்லாம் அவருக்குக் கேட்கத் தெரியாது.

நீ எழுதச் சொன்னபடியே அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் புள்ள வெரலப் புடிச்சி அழுத்தி வெக்கச் சொன்னது நாந்தான்டி" என்றார். கோபம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து உன் பெயரைச் சொன்னால் வலது கையை முந்தானைக்குள் எடுத்துக்கொள்கிறார். ஏன் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்கிறார். உன் கடிதம் வந்தது தெரிந்தால் அன்று சாப்பாடு இறங்குவதில்லை.

அதனால், அபி, இனி எழுதாதே. வழக்கு முடிகிற வரைக்கும் நாம் எழுதிக்கொள்ளக் கூடாது என்று மேடமும் சொல்கிறார். முடிந்த பிறகும் எனக்கு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. உன் மேல் கோபம் இருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

நம் பெஞ்சில் பையை வைக்காதே. தனத்தை உட்காரச் சொல்.

மதி

*

திருவண்ணாமலை
7 டிசம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள மதிக்கு,

எழுதாதே என்று நீ சொன்ன பிறகு எழுதுகிற முதல் கடிதம் இது. வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிந்துவிட்டது. உங்கம்மா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

தீர்ப்பு உங்களுக்குக் கிடைத்திருக்கும். உங்கம்மா ஆணையத்தில் நடந்ததை உன்னிடம் சொன்னாரோ இல்லையோ, தெரியாது. அப்பாவோடு எங்கம்மா போயிருந்தார். அவர் சொன்னதை எழுதுகிறேன்.

பேனரை மேசை மேல் விரித்தார்களாம். கம்பெனி வக்கீல், இது யாரோ கம்ப்யூட்டரில் செய்த படம், இந்தப் பெண் யாரென்றே எங்களுக்குத் தெரியாது என்றாராம். விமல்ராஜ் பின்னால் உட்கார்ந்து அப்பாவைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாராம். ஆணையத் தலைவரம்மா அப்பாவைக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ணு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்களாம்.

அப்பா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம். கன்னத்தில் மழை ஒழுகிய கறை இருந்ததாம். அதை விரலால் துடைத்தாராம்.

"எம் பொண்ணுங்கம்மா" என்றாராம்.

அப்புறம் யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "நான்தான் வெக்கச் சொன்னேன். படம் புடிச்சது கம்பெனி. வண்டிக்கு வண்டி வெச்சோம். அந்தத் தொள எதுக்குன்னு எங்கிட்ட யாரும் சொல்லல. நானும் கேக்கல. முன்ன எழுதிக் குடுத்தது பொய்" என்றாராம். உங்கம்மா அங்கேதான் உட்கார்ந்திருந்தாராம். அப்பா வெளியே வரும்போது அவர் முன்னால் நின்று கும்பிட்டார். உங்கம்மா பதிலுக்குக் கும்பிடக் கையைத் தூக்கி, பாதியில் இறக்கிவிட்டார். எங்கம்மா இதைச் சொல்லும்போது அழுதுவிட்டார்.

கம்பெனி உங்களுக்கு நஷ்ட ஈடு தர வேண்டும், அந்த விளம்பரத்தை நிறுத்தித் திருத்தம் போட வேண்டும், எச்சரிக்கையைத் தமிழில் அச்சிட வேண்டும் என்று தீர்ப்பில் இருக்கிறது. அப்பாவும் ஒரு பங்கு தர வேண்டும். தருவார். கம்பெனி மேல்முறையீடு செய்யப் போகிறதாம். நீங்கள் விடாதீர்கள்.

எரிந்த பேட்டரியைச் சோதித்த பரிசோதனைக்கூடத்து அறிக்கையை நானே தேடிப் படித்தேன். சார்ஜ் நிறைந்ததும் தானாக நிற்க வேண்டிய மின்சாரம் நிற்கவில்லை, தீப்பிடித்ததற்கு அதுதான் காரணம் என்று இருக்கிறது. அதோடு முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். துளை அடைபடாமல் இருந்திருந்தால் தீ அவ்வளவு வேகமாக வெடித்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று அடுத்த வரி இருக்கிறது. அந்த இரண்டாவது வரியோடு நான் இருந்துகொள்கிறேன், மதி. அதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது.

ஏஜென்சி போய்விட்டது. பெயர்ப் பலகையை இறக்கிவிட்டோம். கீழே பச்சை விளக்குகள் இல்லை. அப்பா பழைய மிக்சி, ஃபேன் ரிப்பேர் பார்க்கிறார். யாராவது புதுசாக வாங்கிய பொருளைக் காட்ட வந்தால் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்குகிறார். என்னைக் கூப்பிட்டு இங்கிலீஷைத் தமிழில் படிக்கச் சொல்கிறார். வந்தவர்கள், "நேரமாவுது, உடு அண்ணே" என்றால், "ஒக்காருங்க, முழுசா கேட்டுட்டுப் போங்க" என்கிறார். போன வாரம் ஒரு அம்மா கிரைண்டருக்குப் பொட்டு வைக்கச் சொல்லி என்னைக் கேட்டார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்பா குங்குமத்தை வாங்கி அட்டைப் பெட்டியின் மேல் வைத்துக் கொடுத்தனுப்பினார்.

பேனரைக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்று அப்பாவிடம் சொன்னேன். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, "காசியம்மா கடையில எளநி நல்லா இருக்கும்" என்றார். பிறகு, "சாப்டியா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

தீபத்தன்று ஊரே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் காசியம்மாள் கடைக்குப் போனேன். நீலத் தார்ப்பாய் நன்றாக இருக்கிறது. அப்பா எப்போதாவது இங்கே வந்தாரா என்று கேட்டேன்.

"வராம? ஆனி மாசம் கத்தியும் கையுமா ஊர்ல கீற பேனரெல்லாம் கழட்டினு வந்தாரே, அன்னைக்கே வந்தாரு. ஸ்டூல் மேல ஏறிக் கயித்தப் புடிச்சிட்டாரு. கழட்டிக்கோப்பா, வேற ஏதாச்சும் மூட குடுத்துட்டுப் போன்னேன். உன் மூஞ்சியவே பாத்துக்கினு நின்னாரு. அப்புறம் எறங்கி, அவுந்திருந்த முடிச்ச இறுக்கிக் கட்டிட்டு, ஒரு எளநி குடிச்சிட்டுப் போயிட்டாரு" என்றார்.

அவர் கண்ணில் படாமல் விட்டுப்போனது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். யாராவது பார்க்கட்டும் என்று விட்டாரா, ஒரு முகமாவது மிஞ்சட்டும் என்று விட்டாரா என்று அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்கவும் போவதில்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. எனக்கு உன்னைத் தவிர ஆள் இல்லை.

தனம் நம் பெஞ்சில் உட்காருகிறாள். நல்லவள். ஆனால் அவளிடம் இதையெல்லாம் சொல்ல வரவில்லை.

மலையில் தீபம் இன்னும் சில நாள் எரியும். போளூரில் உங்கள் மாடியிலிருந்து தெரியும் என்று சொன்னார்கள். தெரிந்தால் பார். உங்கம்மாவும் பார்த்தால் சந்தோஷம்.

பதில் எழுத வேண்டாம், மதி. இந்தத் தடவை உறையின் பின்பக்கம் என் பெயரையும் எங்கள் வீட்டு முகவரியையும் முழுசாக எழுதியிருக்கிறேன். வேண்டாம் என்றால் தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடு. எனக்கே வந்துவிடும். வராதவரைக்கும் நீ வாங்கி வைத்திருக்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன்.

அபிநயா
த/பெ கண்ணாயிரம்